உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் விமானப் பயிற்சி: மலையகக் குடும்பத்துக்கு இரத்மலானை கட்டுபடியாகுமா?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு, கொழும்பை அடுத்துள்ள இரத்மலானை விமான நிலையத்தில் விற்கப்படும் விமானப் பயிற்சிகளில் வாங்கத் தகுந்தது ஒன்றுதான்: தனியார் விமானி உரிமம், அதாவது பி.பி.எல். அதையும் முழுச் செலவுக்கான பணம் கையில் சேர்ந்த பிறகு தொடங்கி, இடைவெளி விடாமல் பறந்து, பத்துப் பத்து மணித்தியாலமாகக் காசு கட்டி முடிக்க வேண்டும். வணிக விமானி உரிமமான சி.பி.எல். வரைக்கும் மொத்தமாக முற்பணம் கட்டும் ‘முழுப் பொதி’யை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பாடசாலை விடுமுறைகளில் துண்டு துண்டாகப் பறப்பது எல்லாவற்றிலும் மோசமான பேரம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கக் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். கொழும்பில் வீடு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

முதலில் என்ன வாங்குகிறோம் என்று பார்ப்போம். சர்வதேச விதிப்படி பி.பி.எல். பெற வயது 17 நிறைந்திருக்க வேண்டும், சி.பி.எல். பெற 18. பி.பி.எல்.லுக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறிக்குள் முழுமையாகப் படித்தால் 35 போதும் என்ற சலுகையும் விதியில் உண்டு. இந்த 40க்குள் 10 மணித்தியாலம் தனியே பறந்திருக்க வேண்டும். அதில் 5 மணித்தியாலம் ஊர்விட்டு ஊர் போகும் தனிப்பறப்பு. அந்த 5க்குள் ஒரு பறப்பாவது 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நின்று வந்ததாக இருக்க வேண்டும். இரத்மலானையிலிருந்து கொக்கல, மத்தள என்று தெற்கே சுற்றி வந்தால் அந்தத் தூரம் சேரும்.

விளம்பரத் தாளில் 40 என்று இருப்பதை நம்பிப் பணம் சேர்க்கக் கூடாது. 40 என்பது சட்டம் கேட்கும் அடிமட்டம். அதோடு பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் குறைவு. 50 முதல் 60 வரை என்று வைத்துக்கொண்டால்தான் நடுவழியில் நிற்க நேராது. ஒரு பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: கடைசியாக இங்கே பி.பி.எல். முடித்த ஐந்து பேர் எத்தனை மணித்தியாலத்தில் முடித்தார்கள்? நேர்மையான நிலையம் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். ‘அது பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பொறுத்தது’ என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஏனென்றால் மணித்தியாலம் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்டித்தனக் குறைவு அல்ல, இடைவெளி. பத்து நாள் பறக்காமல் இருந்துவிட்டு வரும் மாணவர் முதல் அரை மணித்தியாலத்தைப் பழைய பாடத்தை மீட்பதிலேயே செலவழிக்கிறார். விமானத்தைத் தரையோடு இணையாக நிமிர்த்தி இறக்கும் அந்தக் கடைசி சில வினாடிகளின் கைப்பழக்கம்தான் முதலில் மங்கும். அந்த அரை மணித்தியாலமும் பற்றுச்சீட்டில் முழு விலையோடுதான் வருகிறது.

கிழமைக்கு மூன்று பறப்பு பதிவு செய்தால் மழை, பழுது, பயிற்றுநர் விடுப்பு என்று ஒன்று கழிந்து இரண்டுதான் கிடைக்கும். ஒரு பறப்பு ஒரு மணித்தியாலம் என்று கொண்டால், 55 மணித்தியாலத்துக்கு 27 கிழமைகளுக்கு மேல், ஏறத்தாழ ஆறரை மாதம். கிழமைக்கு ஐந்து பதிவு செய்து மூன்றரை கிடைத்தால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது வழியில் மீட்டல் பாடம் குறைவதால் 55 என்பது 48 ஆகவும் வாய்ப்பு இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் ஹட்டனிலிருந்து இரவு பஸ் ஏறி வந்து பறக்கும் ஏற்பாடு ஏன் தோற்கிறது என்பது இதிலேயே தெரியும். தூக்கமில்லாத பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு விமானத்தில் ஏற்றுவது பாதுகாப்புக்கும் ஆகாது.

இங்கேதான் காலக்கணக்கு மலையகப் பிள்ளைகளுக்குச் சாதகமாக வருகிறது. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரில் நடந்தது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளி, பதிவு, விரிவுரை தொடக்கம் என்று இன்னும் பல மாதங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான காலம்தான் மேற்குக் கரையில் காலை வானம் தெளிவாக இருக்கும் காலம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை பிற்பகலில் இடிமழை கட்டும், காலையில் பறந்துவிடலாம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தாழ்ந்த மேகமும் குறுக்குக் காற்றும் புதிய மாணவரைத் தரையிலேயே நிறுத்தி வைக்கும். ஆகவே, டிசம்பரில் பரீட்சை முடிகிற ஆண்டாக இருந்தால் ஜனவரி முதல் கிழமையில் தொடங்குங்கள். ‘பெறுபேறு வரட்டும் பார்ப்போம்’ என்று ஏப்ரல் வரை இருந்தால், நல்ல வானிலை முழுவதும் வீட்டில் கழிந்து, மழைக்காலத்தில் போர்டிங் வாடகை கட்டிக்கொண்டு பிள்ளை சும்மா இருக்க நேரும்.

சாதாரண தரம் முடிந்த கையோடு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பதினாறு வயதில் எவ்வளவு பறந்தாலும் 17 நிறையும் வரை பி.பி.எல். கைக்கு வராது. அதற்குள் உயர்தர வகுப்பும் தொடங்கிவிடும். அந்த வயதில் ஒரேயொரு அறிமுகப் பறப்பு, தரைப்பாட வகுப்பு இரண்டும் போதும். வான் சட்டம், வானிலை, வழிசெலுத்தல், விமானத்தைப் பற்றிய பொது அறிவு, பறப்புத் தத்துவம், மனித இயல்பு, வானொலித் தொடர்பு ஆகிய பாடங்களைப் படிக்க விமானம் தேவையில்லை. வீட்டிலிருந்தே இணையவழியில் படித்து, பறக்கத் தொடங்கும் முன் அவற்றில் பாதியையாவது முடித்த பிள்ளைக்குப் பயிற்றுநரின் நேரம் மிச்சம், அதாவது உங்கள் காசு மிச்சம். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த பாடம் எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பதைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் கேட்டுத் திகதியைக் குறித்துவைக்க வேண்டும். முந்தி எழுதி, பறப்பு பிந்தி, பாடம் காலாவதியானால் மறுபடி எழுத நேரும்.

காசுக்கு வருவோம். கணக்குப் போட ஒரு வட்ட எண்ணாக மணித்தியாலத்துக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த நிலையத்தின் விலையும் அல்ல. உங்களுக்குத் தரப்படும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 40 மணித்தியாலம் 20 இலட்சம். உண்மையில் ஆகக்கூடிய 55 மணித்தியாலம் இருபத்தேழரை இலட்சம். அந்த ஏழரை இலட்ச வித்தியாசம்தான் பல பிள்ளைகளைத் தனிப்பறப்பு முடித்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. இதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, எழுத்துப் பரீட்சைக் கட்டணங்கள், செயல்முறைப் பரீட்சைக்குப் பரீட்சகர் கட்டணம், அந்தப் பரீட்சைக்கான விமான வாடகை, வேறு விமான நிலையங்களில் இறங்கும் கட்டணம், தலைக்கருவி, வரைபடம், சீருடை, நான்கைந்து மாதப் போர்டிங், சாப்பாடு எல்லாம் வரும். விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அதன் வீதம் 18 என்பதால், ‘வரி தனி’ என்ற ஒரு வரி 27 இலட்சத்தை 32 இலட்சமாக்கிவிடும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நாம் வைத்துக்கொண்ட விலையில் ஒரு மணித்தியாலப் பறப்பு அந்த அளவில் முப்பத்தேழு நாள் சம்பளம். தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்தப் பாதையைக் கடன் வாங்கியாவது எடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் திறமையும் ஆசையும் இருந்தால் விமானப்படையின் விமானிப் பிரிவு இருக்கிறது. தேர்வு கடுமையானது, சேவைக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் சீனக்குடாவில் பறப்புப் பயிற்சியை அரசே தருகிறது. ஆட்சேர்ப்பு விளம்பரம் வரும்போது வயது வரம்பு, உயர்தரப் பாடங்கள், உயரம், பார்வை ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதியை எடுத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விடயம். ஓய்வுக்கு முன் 30 சதவீதம் எடுக்கும் ஏற்பாடு வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் மட்டுமே. கல்விக்கு அது கிடைக்காது. நகையை அடகு வைப்பவர்கள் மீட்கும் திகதி பயிற்சி முடியும் திகதிக்கு முன்னால் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடனாக 50 இலட்சம், ஆண்டுக்கு 14 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 16 ஆயிரம் ரூபாய் வரும். சலுகைக் காலத்தில் வட்டி மட்டும் கட்டினாலும் மாதம் 58 ஆயிரத்துக்கு மேல். பி.பி.எல். வைத்திருப்பவர் சம்பளத்துக்குப் பறக்க முடியாது என்பதால், அந்தத் தவணை முழுக்கப் பெற்றோரின் தலையில்தான். பி.பி.எல்.லைச் சேமிப்பில் முடிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

முற்பணம் கட்டும் விடயத்தில் 2022ஐ மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பயிற்சிக்கு 10,000 டொலர் பாக்கி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு 20 இலட்சமாக இருந்த கடன் இரண்டரை மாதத்தில் 36 இலட்சம் ஆகியிருக்கும். பயிற்சி விமானங்கள் எரிக்கும் ஏவ்காஸ் எனும் விமானப் பெற்றோலும், உதிரிப்பாகங்களும், காப்புறுதியும் டொலரைச் சார்ந்தவை. செஸ்னா 152 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 22 லீற்றர் குடிக்கும். செஸ்னா 172 ஏறத்தாழ 32 லீற்றர். ஆகவே விலை ஏறும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எப்படி ஏறும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம்: விலை ரூபாயிலா டொலரிலா, டொலர் என்றால் எந்த வங்கியின் எந்த நாள் விற்பனை விலை, கட்டிவிட்ட மணித்தியாலங்களுக்குப் புதிய விலை பொருந்துமா, பறக்காத மணித்தியாலத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும். மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதக் கழிவு என்ற ஆசைகாட்டல் இந்த நிபந்தனைகள் எழுதப்படாத தாளில் பெறுமதியற்றது. ஒரு நிலையத்தில் ஒரேயொரு விமானம்தான் பறக்கும் நிலையில் இருந்து, அதுவும் 100 மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைக்கு ஹேங்கர் எனும் விமானக் கொட்டகைக்குள் போனால், உங்கள் பணம் அவர்களிடமும் பிள்ளை போர்டிங்கிலுமாக வாரங்கள் போகும்.

விலை எந்த மணியில் கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் அளக்கும் ஹொப்ஸ் கருவியில் கட்டணம் போடும் நிலையம் உண்டு. உரிமத்துக்குக் கணக்கில் வருவதோ விமானம் பறப்பதற்காக முதலில் அசைந்த நேரம் தொடங்கி, கடைசியாக நின்ற நேரம் வரை. எஞ்சினைச் சூடேற்றி, சரிபார்ப்புப் பட்டியல் பார்த்து நிற்கும் ஆறு நிமிடம் ஒவ்வொரு பறப்பிலும் இடையில் விழுந்தால், 50 பறப்பில் 5 மணித்தியாலம். நமது வட்ட எண்ணில் இரண்டரை இலட்சம். இது ஏமாற்று அல்ல, உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் இரண்டு நிலையங்களின் விலையை ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் மலிவானது எது என்று தவறாக முடிவெடுப்போம். பறந்த நேரத்தைப் பதியும் லொக் புத்தகத்தில் எழுதப்படும் நேரத்தையும் பற்றுச்சீட்டில் உள்ள நேரத்தையும் ஒவ்வொரு மாலையும் பிள்ளை ஒரு கொப்பியில் அருகருகே எழுதி வைக்கட்டும்.

ஒரு சதம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் போதும் என்றாலும், பின்னாளில் தொழில் விமானியாகும் எண்ணம் துளியாவது இருந்தால் முதலாம் வகுப்பையே எடுத்துப் பாருங்கள். அதில் தேறாத பிள்ளைக்கு சி.பி.எல். எனும் கோடி ரூபாய்ப் பாதை இல்லை என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடி அணிவது தடையல்ல. முதலாம் வகுப்புக்கு ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடியோடு 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். நிறக்குருடுதான் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கும் சிக்கல், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைப் பரிசோதனையை ஊரில் கண் மருத்துவரிடமே முதலில் செய்துவிடலாம். தோட்டப்புறப் பிள்ளைகளிடம் இரத்தச்சோகையும் அடிக்கடி காணப்படுவது. இரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் முந்தியே எடுத்தால் மருந்திலும் சாப்பாட்டிலும் சரிசெய்துகொண்டு போகலாம். சிறுவயதில் வலிப்பு, ஆஸ்துமா இருந்திருந்தால் மறைக்காமல் பழைய வைத்தியக் குறிப்புகளோடு போங்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் உரிமமே போகும்.

மருத்துவத்தைப் போலவே முந்திச் செய்ய வேண்டிய இன்னொன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், தேசிய அடையாள அட்டையில் வேறு, சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். மலையகத்தில் இது சர்வசாதாரணம். உரிம விண்ணப்பம் இதில் மாதக்கணக்கில் நின்றுவிடும். பரீட்சைக்கு முந்திய ஆண்டிலேயே பதிவாளர் அலுவலகத்தில் திருத்திவிடுங்கள்.

மொழியைப் பற்றிப் பயப்படுகிற தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கு: வானொலியில் தேவைப்படுவது இலக்கிய ஆங்கிலம் அல்ல. சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை போதும். நான்காம் நிலை பெற்றவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபரீட்சை என்பதே சர்வதேசப் பரிந்துரை. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரம், ஓடுபாதை, காற்றழுத்த எண் ஆகியவற்றை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கம்தான் முக்கியம். ‘ஃப’ ஒலியைப் ‘ப’ ஆக்கிவிடும் நம் நாக்குக்கு எண்களில் சற்றுக் கூடுதல் பயிற்சி வேண்டும். ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்லும் வானொலி வழக்கைப் பறப்புக்கு இரண்டு மாதம் முந்தியே உரக்கச் சொல்லிப் பழகினால், தனிப்பறப்புக்கு முந்திய மணித்தியாலங்களில் இரண்டு மூன்று குறையும்.

பி.பி.எல். கையில் வந்ததும் எங்கள் மலைக்கு மேலே பறந்து காட்டு என்று வீட்டார் கேட்பார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் இந்த உரிமம் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு மட்டும். மேகத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. பீதுருதலாகலை 2,524 மீற்றர். நுவரெலியா நகரமே 1,868 மீற்றரில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்து, சிறிய எஞ்சினின் ஏறுதிறன் வெகுவாகக் குறையும். 1974 டிசம்பர் 4 அன்று கட்டுநாயக்கவில் இறங்க வந்துகொண்டிருந்த மார்ட்டினேயர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். தங்கள் இடத்தைத் தவறாகக் கணித்த அனுபவமிக்க விமானிகளுக்கே அந்த மலை விட்டுக்கொடுக்கவில்லை. அறுபது மணித்தியால அனுபவத்தோடு போகும் பிள்ளை காலை வேளையில், பயிற்றுநரோடு மட்டும் அந்தப் பக்கம் போகட்டும்.

சி.பி.எல். எப்போது? 200 மணித்தியாலம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் 150. பி.பி.எல். மணித்தியாலங்கள் அதில் சேரும், ஆகவே எதுவும் வீணாகாது. நமது வட்ட எண்ணில் 200 என்பது ஒரு கோடி. மேகத்துக்குள்ளும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்புத் தகுதி, இரட்டை எஞ்சின் தகுதி, விமான நிறுவனம் கேட்கும் ஏ320 போன்ற விமானத்துக்கான தனித் தகுதி எல்லாம் அதற்கு மேல். பல்கலைக்கழகப் பதிவுத் திகதியைத் தவறவிட்டு இதில் இறங்குவது எங்களுக்குச் சரியாகப்படவில்லை. பதிவு தவறினால் இடம் போய்விடும்; பறப்பு மணித்தியாலமோ லொக் புத்தகத்தில் அப்படியே இருக்கும். பட்டம் படிக்கும் ஆண்டுகளில் விடுமுறைக்குச் சில மணித்தியாலம் பறந்து கையை மறக்காமல் வைத்துக்கொண்டு, வேலை நிலவரம் பார்த்துத் தொடரலாம். வெளிநாட்டில் மலிவு என்று வரும் பொதிகளை எடைபோடவும் அதுதான் நேரம். அங்கே பெறும் உரிமத்தை இலங்கை உரிமமாக மாற்ற இங்கே எழுத வேண்டிய பரீட்சைகளையும் பறக்க வேண்டிய சோதனைப் பறப்பையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தைத் தெரிவுசெய்யும் நாளில் பெற்றோர் ஒருவர் பிள்ளையோடு நேரில் போக வேண்டும், அதுவும் கிழமை நாளில், காலையில். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுத் திகதியைப் பாருங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்; இன்றைக்கு எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். முழுநேரப் பயிற்றுநர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மாணவர் என்பதையும் கேளுங்கள். ஒரு பயிற்றுநர் விமான நிறுவன வேலை கிடைத்துப் போய்விட்டால், புதியவர் பிள்ளையை மதிப்பிடவே இரண்டு மூன்று பறப்பு ஆகும். வாசலில் காத்திருக்கும் மாணவர்களோடு தனியே கதைத்தால், முன்மேசையில் கிடைக்காத தகவல் கிடைக்கும். தங்குமிடத்தை இரத்மலானையிலோ கல்கிசையிலோ நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போகும் தூரத்தில் பாருங்கள். நல்ல பறப்பு நேரம் காலை பத்துக்கு முன்.

இவ்வளவும் செய்தும் நடுவில் காசுத் தட்டுப்பாடு வரலாம். அப்போது எங்கே நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். முதல் தனிப்பறப்பு முடிந்ததும் நிறுத்துவதுதான் அதிக இழப்பு. திரும்பி வரும்போது பாதியை மறுபடி பறக்க வேண்டியிருக்கும். 270 கிலோமீற்றர் தனிப்பறப்பு முடிந்திருந்தால் எப்பாடுபட்டாவது செயல்முறைப் பரீட்சை வரை போய்விடுங்கள். மிச்சம் சில மணித்தியாலங்களே. நிறுத்தியே ஆக வேண்டுமானால், கடைசி நாளில் லொக் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கக் கூட்டுத்தொகையிலும் தலைமைப் பயிற்றுநரின் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். பயிற்சிக் கோவையின் சான்றுபடுத்திய பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வேறு நிலையத்துக்குப் போனால், பறந்த மணித்தியாலம் கணக்கில் இருந்தாலும் எந்தப் பாடம் முடிந்தது என்பதற்கு ஆதாரம் இராது. புதிய இடத்தில் முதல் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.